கைப்பிடியில் கோடு வெட்டிய கை

மாமரத்துக்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரைகள் வட்டமாகக் கிடந்தன. மத்தியானச் சாப்பாடு முடிந்து, உறவுக்காரர் எல்லோரும் வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றி இருந்த நேரம். சுவிஸிலிருந்து வந்திருந்த குணம் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை, ஒரு கோடு. ஒரே ஒரு கோடு வெட்டிக் காட்டுங்கோ. எங்கடை கிளப்பிலை எல்லாரும் கேட்டவை, உன்ரை அண்ணை எப்பிடித்தான் இந்தக் கோட்டை வெட்டுறாரெண்டு."

அவன் அண்ணை என்றது என் கணவரை. குணம் இவருடைய சித்தப்பாவின் மகன். சின்ன வயதில் இவருடைய சைக்கிள் பாரில் இருந்து பள்ளிக்கூடம் போனவன்.

நடுவில் ஒரு மேசை. மேசை விளிம்பில் இறுக்கிப் பூட்டியபடி ஒரு முதிரைப் பலகைத் துண்டு. பக்கத்தில் கோடு வெட்டும் சின்ன அரம். எல்லாவற்றையும் குணமே பட்டறைக்குள்ளிருந்து தூக்கிவந்து ஆயத்தமாக வைத்திருந்தான்.

இவர் மேசைக்கு முன்னால் இருந்தார். வலது கை மடியில், ஒரு துவாய்த் துண்டுக்கு அடியில் இருந்தது. அந்தத் துவாயை அங்கே போட்டது நான்.

"அவருக்கு இண்டைக்குக் கண் நோ, தம்பி. இன்னொரு நாளைக்குப் பாப்பம்" என்றேன்.

இவருடைய கண்ணில் ஒரு நோவும் இல்லை. இருந்தவர்கள் எல்லோரும் இவருடைய கண்ணைப் பார்த்தார்கள். இவர் என்னைப் பார்த்தார்.

என் தையல் மெஷினைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியபோது, "அதற்குப் பிறகு நீங்கள் வேறு என்ன பழகினீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் கடைசியாகப் பழகியது இதுதான். கைத்துவக்கின், அதாவது பிஸ்டலின், மரக் கைப்பிடியில் கோடு வெட்டுவது. பண்டத்தரிப்பில் சட்டை தைத்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு அந்த வேலை எப்படி வந்ததென்று சொல்லிவிட்டு மாமரத்தடிக்கு வருகிறேன்.

குணத்தின் ஆசை

குணம் அங்கே ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை செய்கிறான். சனிக்கிழமைகளில் குறிபார்த்துச் சுடுகிற கிளப்புக்குப் போவான். அந்த ஊரில் அது எங்கள் ஊரில் கரப்பந்து விளையாடுவதைப் போல. கிழவர்களும் வருவார்கள், பெண்களும் வருவார்கள், சுட்டு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து கோப்பி குடிப்பார்கள்.

முதல்முறை அதைக் கேட்டபோது இவர் வாய்விட்டுச் சிரித்தார். "இஞ்சை துவக்குக்குப் பயந்து ஓடினவன், அங்கை போய்த் துவக்குப் பிடிக்கிறானாம்."

குணமும் சிரித்தான். "அங்கை அது கடுதாசியைத்தான் சுடும் அண்ணை."

அவனுடைய கைத்துவக்கின் பிடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய மரத்தகடுகள் வேண்டும். பழையது தேய்ந்துபோயிற்றாம். கடையில் வாங்கலாம். ஆனால் அவனுக்கு ஊர் மரத்தில், அண்ணையின் கையால் செய்தது வேண்டும். ஊருக்கு வந்த ஒருவரிடம் பழைய தகடுகளை அளவுக்குக் கொடுத்துவிட்டான். துவக்கு அங்கே. இங்கே வந்தது தகடுகள் மட்டும். கொட்டை நீக்கி வெட்டிய மாங்காய்க் கதுப்புகள்போல இரண்டும் என் உள்ளங்கையில் கிடந்தன. தகடுகளின் மேல் நுண்ணிய கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி, குட்டிக் குட்டித் தொதல் துண்டுகள்போலச் சாய்சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருந்தன. கை வழுக்காமல் இருக்கத்தான் அது.

நடுக்கம்

இவர் தச்சுவேலைக்காரர். இந்தப் பகுதியில் பாதி வீடுகளின் கதவும் யன்னலும் இவர் செய்தவை. கட்டில் தலைமாட்டில் இவர் வெட்டுகிற கொடியைப் பார்க்கவே தூரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள்.

ஒரு மாரிகாலத்தில் இவர் பிடித்த தேத்தண்ணிக் கோப்பை தட்டில் மோதிச் சத்தம் போட்டது. குளிர் என்று நினைத்தோம். கோடை வந்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் டொக்டர் பார்த்துவிட்டு, நரம்பு வருத்தம் என்றார். கூடாமல் பார்க்கலாம், முற்றாக மாற்ற ஏலாது என்றார்.

வீதியில் யாராவது "என்ன, பட்டறை பூட்டிக் கிடக்குது?" என்று கேட்டால், நான் முந்திக்கொண்டு, "இடுப்பு நோ" என்பேன். இடுப்பு நோ எல்லோருக்கும் வருவது. அதில் யாரும் பாவம் பார்க்கமாட்டார்கள்.

குணத்துக்கும் நாங்கள் சொல்லவில்லை. அவன் தகடு கேட்டுப் போனில் கதைத்த அன்று, இவர் வாயைத் திறக்கமுதல் நான் பக்கத்திலிருந்து, "ஓம் தம்பி, அதுக்கென்ன, அண்ணை செய்து தருவார்" என்றுவிட்டேன்.

கதைத்து முடிந்ததும் இவர் கேட்டார். "ஆர் செய்யிறது?"

"நீங்கள் சொல்லுங்கோ. நான் வெட்டுறன்."

"உமக்கு உளி பிடிக்கத் தெரியுமோ?"

"கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியும்."

இவர் பின்வளவுக்குப் போய் ஒரு பழைய முதிரைக் கட்டையை உருட்டிக்கொண்டு வந்தார். ஷெல் விழுந்து உடைந்த எங்கள் பழைய வீட்டின் வாசல் நிலை அது. எறிய மனமில்லாமல் வைத்திருந்தார். முதலில் அதன்மேல் காந்தத்தை ஓட்டிப் பார்த்தார். "உள்ளுக்கை ஷெல் சிதறின சன்னம் இருந்தால் அரத்தின்ரை பல்லை உடைச்சுப்போடும்" என்றார். ஓர் இடத்தில் காந்தம் ஒட்டியது. அந்தப் பக்கத்தை அறுத்து ஒதுக்கினோம்.

இரண்டு வரிசைப் பல்

கோடு வெட்டுகிற அரத்தைக் குணமே அனுப்பியிருந்தான். பல்துலக்கும் பிரஷ் அளவுதான். முனையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வரிசைப் பற்கள். ஒரு வரிசை ஏற்கெனவே வெட்டிய கோட்டுக்குள் ஓடும். மற்ற வரிசை அதே இடைவெளியில் அடுத்த கோட்டை வெட்டும். அந்தக் கோட்டைப் பிடித்து அதற்கடுத்தது. ஆகவே முதல் கோடு கோணினால் கடைசிக் கோடு வரைக்கும் கோணல்தான்.

குணம் அனுப்பிய வீடியோக்களை இவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். எனக்கு அது பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. பாவாடைக் கரையில் அடுக்குத் தையல் போடும்போது, மெஷினின் பாதத்தை முந்திய தையலின்மேல் ஓடவிட்டுத்தானே அடுத்த தையலைப் போடுகிறோம்? அதே வேலை. துணி வளைந்து கொடுக்கும், மரம் கொடாது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மரம் அந்த வித்தியாசத்துக்குள்ளேயே எனக்கு நல்ல பாடம் படிப்பித்தது. கழிவுத் துண்டுகளில் பழகினேன். அரம் ஓரிடத்தில் துள்ளும், இன்னோரிடத்தில் சறுக்கும். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பாய்ந்துவிட்டால் அந்தத் துண்டு அடுப்புக்குத்தான்.

இவர் என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

"அமத்தாதையும். மரம் தானாய் விடும்."

"விடேல்லையே."

"முதல் கோட்டைச் சும்மா கீறும். ஆழம் பிறகு பாப்பம். எல்லாத்தையும் ஒரேயடியாய்த் தோண்ட நிக்கிறீர்."

அது உண்மைதான். ஒரு பக்கமாக மெல்லக் கீறி முடித்து, மறுபக்கம் சாய்வாகக் கீறி, பிறகு ஒற்றைப் பல் அரத்தால் ஒவ்வொரு கோடாக ஆழமாக்கவேண்டும். நாலாம் ஐந்தாம் முறை அரம் ஓடும்போதுதான் கட்டங்களின் தலை கூராகும். பழைய பல்துலக்கும் பிரஷால் தூளைத் தட்டிவிட்டு விரலால் தடவினால், பலாப்பழத் தோலைக் குழந்தைக்கென்று சின்னதாகச் செய்தது மாதிரி இருக்கும்.

முதல் தகடு சரியாக வந்த அன்று நான் பிள்ளையைப் போலத் துள்ளினேன். இவர் அதை இடது கையில் வாங்கி, வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தார். "என்ரை வேலையைப்போல இருக்குது" என்றார்.

அதைவிடப் பெரிய பாராட்டு இவரிடம் கிடையாது. ஆனால் சொன்ன பிறகு தகட்டைத் திருப்பித் தர இவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

தேய்ந்த சட்டை

ஒன்று சொல்லவேண்டும். அந்தக் கட்டங்களை எனக்கு முன்பே தெரியும்.

சண்டைக் காலத்தில் ஒரு நாள், எனக்குப் பழக்கமில்லாத இளைஞன் ஒருவன் சட்டை ஒன்றைத் தைக்கக் கொண்டுவந்தான். இடுப்புப் பக்கத்தில், உள்பக்கமாக, ஒரு ஒட்டுத்துணி வைக்கவேண்டும் என்றான். சட்டையைப் புரட்டிப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் நூல் நூலாகத் தேய்ந்திருந்தது. மற்ற எந்தச் சட்டையிலும் நான் காணாத தேய்வு. எது உரசினால் அப்படித் தேயும் என்று அவன் குனிந்தபோது தெரிந்தது. ஒரு கணம்தான். இடுப்பில் செருகிய கறுத்த பிடி, அதில் குறுக்கும் நெடுக்கும் கோடு.

ஒட்டுத்துணி வைத்துக் கொடுத்தேன். வைக்கமாட்டேன் என்று சொல்லக்கூடிய காலமா அது? அவன் திரும்பி வரவில்லை. அவனுக்கு என்ன நடந்ததென்றோ, அவனால் யாருக்கு என்ன நடந்ததென்றோ எனக்குத் தெரியாது.

இப்போது அதே கோடுகளை நானே வெட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வளவு புஷ்பமக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, நெடுகச் சுரண்டுற சத்தம் கேக்குது?" என்று கேட்டார்.

"கத்திப் பிடி செய்யிறம் அக்கா" என்றேன்.

அவருடைய மூத்த மகனைக் கைத்துவக்கால்தான் சுட்டார்கள். அவரிடம் வேறு எதைச் சொல்வது? அன்றிலிருந்து வேலி தெரிகிற யன்னலைச் சாத்திவிட்டுத்தான் வெட்டினேன். வியர்வை தகட்டில் சொட்டும். சொட்டுகிற ஒவ்வொரு முறையும் புஷ்பமக்காவின் முகம் வரும்.

சட்டைக் கை

முதல் சோடி போய்ச் சேர்ந்ததும் குணம் தலைகால் தெரியாமல் கதைத்தான். கிளப்பில் இன்னும் சிலருக்கு வேண்டுமாம். செய்து அனுப்பினோம். பிறகு ஒரு நாள், "அண்ணை வெட்டுறதை வீடியோ எடுத்து அனுப்புங்கோ அண்ணி" என்றான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் அலுமாரியைத் திறந்து இவருடைய முழுக்கைச் சட்டையை எடுத்தேன். போட்டு, மணிக்கட்டு வரைக்கும் பொத்தானைப் பூட்டினேன். கைகள் மட்டும் தெரிந்தால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது?

காப்புகள்தான் மறைய மறுத்தன. சவர்க்காரம் போட்டுக் கழற்றத் தொடங்கினேன்.

"காப்பைக் கழட்டாதையும்" என்றார் இவர்.

"வீடியோவிலை தெரியும்."

"தெரியட்டுமே."

"சும்மா இருங்கோ. உங்களுக்காகத்தானே செய்யிறன்."

கைபேசியை இவரால் பிடிக்கமுடியாது, படம் ஆடும். ஆகவே ஒரு பால்மாத் தகர ரின்னில் சாய்த்து வைத்தோம். நான் வெட்டினேன். இவர் படத்துக்கு வெளியே, கதவு நிலையில் சாய்ந்து, தன்னுடைய சட்டை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குணத்திடமிருந்து உடனே பதில் வந்தது. "அண்ணை நல்லா மெலிஞ்சுபோனார். கையிலை தெரியுது. கவனமாய்ப் பாருங்கோ அண்ணி."

நான் அதை வாசித்துவிட்டுச் சிரித்தேன். இவரும் சிரிப்பார் என்று நினைத்தேன்.

மாமரத்துக்குக் கீழே

இப்போது திரும்பவும் அந்தக் கதிரைகளுக்கு வருகிறேன்.

"கண்ணுக்கு ஒண்டுமில்லை" என்றார் இவர்.

துவாயை இடது கையால் விலக்கினார். வலது கையை எடுத்து, எல்லோருக்கும் முன்னால், நேராக நீட்டினார். காற்றில்லாத மத்தியானம். மாமரத்தில் ஓர் இலை அசையவில்லை. அந்தக் கை மட்டும் ஆடியது. விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடின.

"இந்தக் கையாலை என்னெண்டடா கோடு வெட்டுறது? இவதான் வெட்டினவ. முதல் தகட்டிலை இருந்து எல்லாம். வீடியோவிலை நீ பார்த்ததும் இவவின்ரை கைதான்."

வெற்றிலைத் தட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்த இவருடைய சின்னம்மா அப்படியே நின்றுவிட்டார். குணம் கைபேசியைக் கீழே இறக்கினான். அவனுடைய கண் கலங்கியிருந்தது. என் பக்கம் திரும்பினான்.

"ஏன் அண்ணி ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"இவர் வெக்கப்படுவாரெண்டுதான் தம்பி..."

"நானோ?" என்றார் இவர்.

குரலில் கோபம் இல்லை. தெரியாததைக் கேட்பவரைப் போலத்தான் கேட்டார்.

"நான் எப்ப வெக்கப்பட்டனான்? இடுப்பு நோ எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கோயிலுக்குப் போவமெண்டு கேட்டால், சனம் குறையட்டும் எண்டு சொல்லுறது நீர். கலியாண வீடுகளுக்குத் தனியப் போய்வாறது நீர். இண்டைக்குக் காலமையும் இந்தத் துவாயைக் கொண்டுவந்து போட்டது நீர்தானே? எனக்குக் கை நடுங்குது. அவ்வளவுதான். எனக்கு அதிலை வெக்கம் இல்லை."

நான் நிலத்தைப் பார்த்தேன். இவருடைய கை நடுங்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் செய்தவை ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன. எல்லாவற்றையும் இவருக்காகச் செய்தேன் என்றே நம்பியிருந்தேன். தேத்தண்ணியைக் கோப்பையில் அரைவாசி மட்டும் ஊற்றிக் கொடுத்ததும், வீட்டுக்கு யாராவது வந்தால் இவரை அறைக்குள் படுக்கச் சொன்னதும், அன்றைக்கு ஆட்கள் வரமுதல் இவருக்குச் சாப்பாடு கொடுத்து முடித்ததும் இவருக்காக இல்லை. நல்ல தச்சனின் பெண்சாதி என்று இந்த ஊரில் எனக்கிருந்த பெயருக்காக.

குணம்தான் அந்த நேரத்தை நகர்த்தப் பார்த்தான். "அப்ப நீங்கள் ஒரு கோடு வெட்டுங்கோ அண்ணி. நான் எடுக்கிறன். உங்கடை பேரைச் சொல்லியே காட்டுறன்."

மறுக்க எனக்கு முகம் இல்லை. மேசைக்கு முன்னால் இருந்து அரத்தை எடுத்தேன். பல்லைக் கோட்டில் வைத்தேன். எத்தனையோ தகடு வெட்டிய கை. அன்றைக்கு அது என் சொல் கேட்கவில்லை. அரம் பாய்ந்து, எல்லையைத் தாண்டி, மினுக்கிய மரத்தில் நீளமாக ஒரு கீறலைப் போட்டுவிட்டு நின்றது.

இவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"பறவாயில்லை. எல்லையைக் கொஞ்சம் தள்ளி வெட்டினால் கீறல் உள்ளுக்கை போயிடும்" என்றார். பட்டறையில் சொல்வதைப் போலவே சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது. இத்தனை பேருக்கு முன்னால் அழுவதற்கும் வெட்கமாக இருந்தது. கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். புஷ்பமக்கா பின்னால் வந்தார். அவரும் அன்றைக்கு விருந்துக்கு வந்திருந்தார். அது எதன் பிடி என்று மாமரத்தடிக் கதையிலிருந்து அவருக்கும் தெரிந்துவிட்டது.

அவர் குழாயைத் திறந்து நான் வைத்த கோப்பைகளைக் கழுவினார். கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி, "யன்னலைத் திறந்து வைச்சு வெட்டு பிள்ளை. வெக்கை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் தகடு வெட்டவில்லை. குணமும் கேட்கவில்லை. சுவிஸுக்குத் திரும்பிப் போன பிறகு, வீடியோவில் இவரோடு நெடுநேரம் கதைப்பான். கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பான். அங்கே ஒரு டொக்டரிடம் கேட்டு, கைப்பயிற்சிகள் சொல்லுவான்.

கலியாண வீடு

அடுத்த தை மாதத்தில் என் ஒன்றுவிட்ட தங்கையின் மகளுக்குக் கலியாணம் வந்தது. "நானும் வாறன்" என்றார் இவர்.

"ஓம், வாங்கோ. நீங்கள் இல்லாமலோ?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். வேட்டியை நானே ஸ்திரி போட்டு மினுக்கிக் கொடுத்தேன். துவாய் எதுவும் எடுக்கவில்லை.

மண்டபத்தில் இவரைக் கண்டவர்கள் ஓடிவந்து கையைப் பிடித்தார்கள். பிடித்த பிறகு கீழே பார்த்தார்கள். இவர், "அது அப்பிடித்தான் ஆடும். நீ சொல்லு, மகள் என்ன செய்யிறாள்?" என்று கேட்டுக் கதையைத் தொடர்ந்தார். எனக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை காலம் என்று நினைத்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் இவர் என் எதிர் வரிசையில் இருந்தார். கரண்டி வேண்டாம் என்றார். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு எல்லாம் மெல்ல மெல்ல வாய்க்குப் போயின. கடைசியில் தேங்காய்ப்பால் சொதி ஊற்றினார்கள். பிசைந்து அள்ளிய முதல் பிடி வழியிலேயே சிதறியது. மஞ்சள் சொதி வெள்ளை வேட்டியில் மடி நிறையத் தெறித்தது.

நான் உடனே தலையை நிமிர்த்தினேன். இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் இருந்த வரிசையைப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் இலையில் குனிந்திருந்தார்கள்.

சாப்பிடாமல் இருந்தது இவர் ஒருவர்தான். மிச்சச் சோறு பிடித்த கை பாதியில் நிற்க, நான் யார் யாரைப் பார்க்கிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.